ஞாயிற்றுக்கிழமை அழைப்பு நின்றுவிட்டது: பள்ளி மாணவனுக்குக் கல்லூரிக் கூடைப்பந்தில் இன்னும் இடம் இருக்கிறதா?

இண்டியானா அப்பா (கேள்வி, ஜூன் 2025):

வணக்கம். என் மகன் இந்த மாதம் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தான். ஆறடி இரண்டு அங்குல உயரம், பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு. பெரிய பல்கலைக்கழகங்கள் அவனைத் தேடி வரும் என்று நாங்கள் ஒருநாளும் எண்ணியதில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1-இல் நடுத்தரமான ஓர் அணியின் துணைப் பயிற்சியாளர் மட்டும் சென்ற கோடையிலிருந்து ஞாயிறுதோறும் இரவு எட்டு மணிக்கு அழைத்துவந்தார். ஏழே முக்காலுக்கே சாப்பிட்டு முடித்து, போனை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவான் என் மகன். ஆட்டத்தைப் பற்றி மட்டுமல்ல, வேதியியல் தேர்வு எப்படிப் போயிற்று என்றுகூட அவர் விசாரிப்பார். "உனக்கு ஓர் இடம் வைத்திருப்போம்" என்று ஜனவரியில் வாய்மொழியாகச் சொன்னார்.

மார்ச் 24-ஆம் தேதி, கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்தது. அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது ஞாயிறு நானே செய்தி அனுப்பினேன். தலைமைப் பயிற்சியாளர் அனுபவமுள்ள ஆட்டக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்று பதில் வந்தது. மே மாதம் அணிப் பட்டியலைப் பார்த்தேன். புதிதாக வந்த ஏழு பேரில் ஆறு பேர் வேறு கல்லூரிகளில் ஆடியவர்கள். என் மகனின் இடத்துக்கு வந்திருப்பவருக்கு இது மூன்றாவது கல்லூரி.

அந்த இளைஞர்மீது எனக்கு வருத்தமில்லை. அவரும் எங்கோ ஒரு பெஞ்சில் காத்திருந்து சலித்தவராக இருக்கலாம். ஆனால் பதினேழு வயதுப் பையனிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தனியார் பள்ளியில் இன்னோர் ஆண்டு சேர்த்து ஆடவைக்கலாமா? அடுத்த மட்டமான டிவிஷன் 2-இல் ஒரு கல்லூரி கூப்பிடுகிறது. அங்கே போனால் கதவு அடைபட்டுவிடுமா?

ஏப்ரல் மேசை:

உங்கள் மகனுக்கு நேர்ந்தது அவன் ஆட்டத்தின் குறை அல்ல. முதலில் அதை அவனிடம் சொல்லுங்கள். 2016 முதல் 2024 வரை ஒரு நடுத்தர டிவிஷன் 1 பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வீரர்களின் படிப்பைக் கவனிக்கும் ஆலோசகராக இருந்தேன். இந்த மாற்றத்தை என் மேசையிலிருந்தே பார்த்தவன்.

எங்கள் பயிற்சியாளர் அறையில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. நான்கு பத்திகள்: முதலாமாண்டு, இரண்டாமாண்டு, மூன்று, நான்கு. உதவித்தொகை பெறும் 13 பேருக்கும் ஆளுக்கொரு காந்தப் பட்டை, அதில் பெயர். நான் சேர்ந்த காலத்தில் கோடை வந்தால் பட்டைகள் ஒரு பத்தி வலப்பக்கம் நகரும், இடப்பக்கப் பத்தி காலியாகும். அந்தக் காலி இடம்தான் உங்கள் மகனைப் போன்றவர்களுடையது. 2024 ஏப்ரலில் ஒரு பையனின் மதிப்பெண் பட்டியலோடு உள்ளே போனேன். பலகையில் நான்கே பட்டைகள் இருந்தன. பத்திகளை அழித்துவிட்டு "இருப்பவர்கள்", "பேசிக்கொண்டிருப்பவர்கள்" என்று இரண்டே தலைப்பு எழுதியிருந்தார்கள். கழற்றிய பட்டைகள் ஒரு காபிக் கோப்பைக்குள் கிடந்தன. நான் கையில் வைத்திருந்த பட்டியலுக்குரிய பையனின் பெயரும் அதற்குள்தான் இருந்தது.

இது ஒரே நாளில் வந்ததல்ல. முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2018 அக்டோபரில் போர்ட்டல் வந்தபோது அது வெறும் பெயர்ப் பதிவேடுதான். 2021 ஏப்ரலில் ஒருமுறை மட்டும் காத்திராமல் மாறலாம் என்று கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ அனுமதித்தது. அதே ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்டலாம் என்றானது. கொரோனாப் பருவம் கணக்கில் சேராததால் எல்லோருக்கும் கூடுதலாக ஓராண்டு கிடைத்தது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் கூட்டாட்சி நீதிமன்றம் இரண்டாம் முறை மாறுகிறவர்களுக்கு இருந்த தடையையும் நிறுத்திவைத்தது. அடுத்த ஏப்ரலில், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்று விதியே ஆகிவிட்டது. இந்த ஆண்டு போர்ட்டலில் ஆண்கள் கூடைப்பந்தில் மட்டும் 2,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். டிவிஷன் 1 அணிகளே 360-ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

இப்போது பயிற்சியாளர் பக்கம் நின்று பாருங்கள். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் 2024-இல் மார்க் போப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது முந்தைய பருவத்தின் உதவித்தொகை வீரர் ஒருவர்கூட அவருக்கு மிஞ்சவில்லை. சான் டியேகோ ஸ்டேட், டேட்டன், டிரெக்சல், ஓக்லஹோமா என்று பல இடங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்தார். அந்த அணி தேசியப் போட்டியில் கடைசி 16 வரை போனது. இந்த ஏப்ரலில் தேசிய இறுதி ஆட்டத்தில் ஹூஸ்டனை 65-63 என வென்ற புளோரிடாவில் வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து வந்தவர், வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து, அலிஜா மார்ட்டின் புளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து. கல்லூரி அளவில் நூறு ஆட்டம் ஆடிய 22 வயதுக்காரனின் வீடியோ ஒரு பக்கம், பள்ளிக் கூடத்தில் ஆடும் 17 வயதுப் பையனின் வீடியோ மறுபக்கம். தோற்றால் வேலை போகும் மனிதர் எதை எடுப்பார்?

நடுத்தர அணிகளின் நிலை இன்னும் கடினம். வளர்த்த பையனை மேலே உள்ளவர்கள் கொண்டுபோவார்கள். அந்த இடத்தை நிரப்ப இவர்கள் கீழே பார்ப்பார்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. 2024-இல் கென்டக்கிக்கு எதிராகப் பத்து மூன்று-புள்ளி எறிதல்களைப் போட்ட ஓக்லாந்து பல்கலைக்கழகத்தின் ஜாக் கோல்கி, ஹில்ஸ்டேல் என்ற டிவிஷன் 2 கல்லூரியிலிருந்து வந்தவர். பயிற்சியாளர் பென் மெக்கோலம் டிவிஷன் 2-இல் நார்த்வெஸ்ட் மிசூரி ஸ்டேட் அணிக்கு நான்கு பட்டங்கள் வாங்கித் தந்தவர். சென்ற ஆண்டு டிரேக் அணிக்குப் போனபோது தன் ஆட்டக்காரர்கள் நால்வரைக் கூடவே அழைத்துப் போனார். அந்தப் பையன்கள் 31 ஆட்டங்களில் வென்றார்கள், தேசியப் போட்டியில் மிசூரியைத் தோற்கடித்தார்கள். மெக்கோலம் 2025-இல் அயோவா அணிக்குப் போனபோது அவர்களில் பென்னட் ஸ்டிர்ட்ஸ் அவரோடு போனார். டிவிஷன் 2-இல் கதவு அடைபடுவதில்லை. முப்பது நிமிடம் களத்தில் நிற்கிறவனைத்தான் யாரும் பார்ப்பார்கள்.

தனியார் பள்ளியில் கூடுதல் ஆண்டு என்றால் ஒரு எச்சரிக்கை. டிவிஷன் 1 தகுதிக்கான 16 முக்கியப் பாடங்களில் பள்ளி முடிந்த பிறகு ஒன்றை மட்டுமே சேர்க்க முடியும். அது போக, அடுத்த ஏப்ரலிலும் இதே வரிசைதான் அவன் முன்னால் நிற்கும்.

அந்த டிவிஷன் 2 பயிற்சியாளரிடம் ஒன்று கேளுங்கள்: கடந்த இரண்டு ஆண்டுகளில் பள்ளியிலிருந்து எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், அவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? பதில் எண்ணாக வர வேண்டும்.

பழைய ரசிகன்:

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் வீரர்கள் மாறுவதுதான் கேடு என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது. 2022-இல் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சிறிய கல்லூரி கென்டக்கியை வீழ்த்திக் கடைசி எட்டு வரை வந்ததே, நினைவிருக்கிறதா? ஆட்டம் முடிந்த சில நாட்களில் பயிற்சியாளர் செட்டன் ஹாலுக்குப் போய்விட்டார். யாரும் அவரை ஓராண்டு உட்காரச் சொல்லவில்லை. பழைய விதி இருந்திருந்தால் அந்தப் பையன்கள் மட்டும் தண்டனை அனுபவித்திருப்பார்கள். அந்த அநியாயம் ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

எனக்கு வலிப்பது வேறு. இந்த ஆண்டு கடைசி 16 அணிகளும் நான்கே பெரிய கூட்டமைப்புகளைச் சேர்ந்தவை, அவற்றில் ஏழு, எஸ்இசி என்ற ஒரே கூட்டமைப்பின் அணிகள். செயின்ட் பீட்டர்ஸ் போன்ற ஒரு பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

இரண்டு பெண்களின் அம்மா:

என் மூத்தவள் இரண்டாமாண்டு முடிந்து கல்லூரி மாறினாள். முதல் இடத்தில் ஓர் ஆட்டத்துக்கு நான்கு நிமிடம்தான் களத்தில் இருப்பாள். மாறிய பிறகு முதல் ஐவரில் ஒருத்தி. அவள் முகமே மாறிவிட்டது. அதற்காக அந்த விதிக்கு நான் நன்றி சொல்வேன்.

ஆனால் பாடக் கணக்கை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவள் எடுத்திருந்த 11 கிரெடிட்டுகளைப் புதிய இடம் பட்டத்துக்கு ஏற்கவில்லை. ஏற்கெனவே தேறிய உயிரியல் ஆய்வகப் பாடத்தை, அதே தவளையை, மறுபடியும் அறுத்துப் படித்தாள். கோடை முழுக்க வகுப்பு. ஒப்புக்கொள்ளும் முன்பே எந்தப் பாடம் செல்லும் என்று எழுத்தில் வாங்குங்கள், ஐயா. பயிற்சியாளர் சொல்வது போதாது, பதிவாளர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும்.

ஏப்ரல் மேசை:

அம்மா சொல்வது முற்றிலும் சரி. மூன்றாம் கல்லூரிக்குப் போனவர்கள் பட்டம் முடிக்கத் திணறியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வீரர்கள் தொடுத்த வழக்கில் இம்மாதம் 6-ஆம் தேதி ஒப்புதல் பெற்ற ஹவுஸ் உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்கள் இந்த ஜூலையிலிருந்து, முதல் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம். பணம் கூடும்போது அவசரமும் கூடும்.

இண்டியானா அப்பா:

எல்லோருக்கும் நன்றி. அந்த டிவிஷன் 2 பயிற்சியாளரை நேற்று அழைத்தேன். என் மகனை அருகில் வைத்துக்கொண்டு, நீங்கள் சொன்ன கேள்வியை அப்படியே கேட்டேன். அவர் தயங்கவில்லை. பள்ளியிலிருந்து ஏழு பேரை எடுத்தோம், ஐந்து பேர் இருக்கிறார்கள், ஒருவன் படிப்புக்காக வீட்டருகே போய்விட்டான், ஒருவனை இந்த வசந்தத்தில் டிவிஷன் 1 அணி கூட்டிக்கொண்டு போயிற்று என்றார். அந்தக் கடைசிப் பையனைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் கோபமில்லை. அவனுடைய இடக்கை ஆட்டத்தை எப்படித் திருத்தினார்கள் என்று பத்து நிமிடம் பேசினார். என் மகன் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டே இருந்தான்.

வியாழக்கிழமை அங்கே போகிறோம். பயிற்சிக் கூடம் பார்த்த கையோடு பதிவாளர் அலுவலகத்துக்கும் போக நேரம் கேட்டிருக்கிறேன்.