ஆறா, பதினைந்தா?

கூட்டுத்தொடர்வரிசையில் (ஒரே அளவு கூடியோ குறைந்தோ போகும் எண்வரிசை) குறிப்பிட்ட கூடுதல் வர "எத்தனை உறுப்புகள்?" என்று தேடப் போய் மாட்டிக்கொண்ட கதை இருந்தால் சொல்லுங்கள்.

மதுரைக்காரன்:
போன வருடம் சித்தியிடம் 9,000 ரூபாய் கைமாற்று வாங்கினேன். முதல் மாதம் 2,000, அப்புறம் மாதாமாதம் 200 குறைத்துக் கொடுப்பதாகப் பேச்சு. எத்தனை மாதத்தில் அடையும் என்று பத்தாவது படிக்கும் மகளிடம் கேட்டேன். சூத்திரத்தில் போட்டு, இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்து, 6, 15 என்று இரண்டு விடை சொன்னாள். "குறை எண் வந்தா அடிச்சிடலாம்ப்பா. ரெண்டுமே மிகை. எதை அடிக்க?"

எனக்கும் புரியவில்லை. வரிசையாக எழுதிப் பார்த்தோம். 2000, 1800, 1600, 1400, 1200, 1000. ஆறே மாதத்தில் 9,000 வந்துவிட்டது. மேலே போனால் 800, 600, 400, 200. பதினோராம் மாதம் பூஜ்யம். அதற்கப்புறம் சித்தி எனக்குத் தர வேண்டும்! 200, 400, 600, 800 என்று தந்து, நான் அதிகமாகக் கொடுத்த 2,000 ரூபாயும் திரும்பி, பதினைந்தாம் மாதம் மறுபடி 9,000. சித்தியிடம் சொன்னேன். "ஆறோட நிறுத்திக்கடா" என்றார்.

டியூஷன் அக்கா:
என் பாடு வேறு. உண்டியலில் முதல் நாள் 1 ரூபாய், மறுநாள் 2 என்று போட்டால் 5,000 எப்போது சேரும் என்று யோசிக்காமல் போர்டில் எழுதிவிட்டேன். வர்க்கமூலத்துக்குள் 40,001 வந்து நின்றது. பிள்ளைகள் என் முகத்தையே பார்க்கிறார்கள். 99 நாளில் 4,950, நூறாவது நாளில் 5,050. கேள்வியை "எத்தனையாவது நாள் 5,000-ஐத் தாண்டும்" என்று மாற்றித் தப்பித்தேன்.

இப்போதெல்லாம் ஆரியபட்டர் வழியில் முதலில் பார்த்துக்கொள்கிறேன். ஆரியபட்டீயத்தின் கணிதபாதத்தில் 20-வது சுலோகம் இதற்கென்றே இருக்கிறது. கூடுதலை எட்டாலும் பொது வித்தியாசத்தாலும் (ஒவ்வொரு உறுப்புக்கும் கூடும் அளவு) பெருக்கணும். முதல் உறுப்பின் இருமடங்குக்கும் பொது வித்தியாசத்துக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்திச் சேர்க்கணும். வர்க்கமூலம் எடுத்து, முதல் உறுப்பின் இருமடங்கைக் கழித்து, பொது வித்தியாசத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கினால் உறுப்புகளின் எண்ணிக்கை. 5,050-க்கு 40,401 வரும், மூலம் 201, விடை 100. மூலம் முழு எண்ணாக வராவிட்டால் போர்டுக்கே போவதில்லை.

மதுரைக்காரன்:
சித்தி கணக்கைப் போட்டேன் அக்கா. மூலம் 1,800. மிகையாக எடுத்தால் 6, குறையாக எடுத்தால் 15. சின்னப் பாட்டியிடம் 15-ஐக் காட்டலாமா என்கிறாள் மகள்.