ரோகிணி காடில்கரின் ஐந்து பட்டங்கள்: வீட்டுக்குள்ளேயே சுற்றியதா?

கறுப்புக்குதிரை: ரோகிணி காடில்கர் ஐந்து தடவை தேசிய மகளிர் செஸ் சாம்பியன் ஆனது பெரிய விஷயமே இல்லை, அக்கா தங்கை மூன்று பேரும் வீட்டுக்குள்ளேயே மாற்றி மாற்றி வைத்துக்கொண்ட பட்டம் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1976ல் முதல் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது 13. அதே வருடம் ஆண்களுக்கான தேசியப் போட்டியிலும் போய் ஆடினார்.

நெல்லைமணி: எழுதியது நான்தான், பேரைச் சொல்லியே கேட்கலாம். 1974ல் பெங்களூரில் நடந்த முதல் மகளிர் போட்டியில் ஜெயித்தது ரோகிணியின் அக்கா வசந்தி. அப்புறம் இன்னொரு அக்கா ஜெயஸ்ரீ, அப்புறம் ரோகிணி. கிட்டத்தட்ட பத்து வருடம் ஒரே வீடு. எதிரில் ஆளே இல்லை என்பதற்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்?

கறுப்புக்குதிரை: ஆள் இல்லையா? 1981ல் ஹைதராபாத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் ஆசிய மகளிர் பட்டம், 1983ல் கோலாலம்பூரில் மறுபடியும் அதே பட்டம். ஆசியா முழுக்க காடில்கர் வீட்டுக்குள்தான் இருந்ததா?

நெல்லைமணி: ஆசியாவை விடுங்கள். நான் சொன்னது தேசியப் பட்டம். ஒரே வீடு. அதற்குப் பதில் வரவில்லை. ஆண்கள் போட்டி என்கிறீர்களே, அதில் ஜெயித்தாரா?

தேவகி: மணி சார், அங்கே போய் உட்காருவதே அன்றைக்குப் பெரிய போராட்டம். ஒரு பெண் எப்படி ஆடலாம் என்று கிளம்பிய சண்டை ஹைகோர்ட் வரைக்கும் போனது. கடைசியில் உலக செஸ் கூட்டமைப்பின் தலைவர் மாக்ஸ் யூவே, பெண்களைத் தடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. ரோகிணியைத் தடுக்கப் பார்த்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா?

அடையாறுவாசி: எல்லாம் சரி, எங்கள் சென்னை விஜயலட்சுமி பேரை ஒருவரும் எடுக்கவில்லையே? 2001ல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆன முதல் இந்தியர். ரோகிணி மாதிரி மும்பைக்காரர் என்றால்தான் இந்த விவாதத் திரி ஓடுமா?

கறுப்புக்குதிரை: நல்ல நேரத்தில் சொன்னீர்கள். விஜயலட்சுமியின் தங்கைகள் மீனாட்சியும் பானுப்பிரியாவும்கூடச் செஸ் ஆடியவர்கள்தான். அதனால் அவர் பட்டங்களும் வீட்டுப் பட்டமா? மணி, இதற்குச் சொல்லுங்கள்.

நெல்லைமணி: விஜயலட்சுமியை இழுக்காதீர்கள், அது வேறு காலம். கேரம் திரியிலும் இப்படித்தான், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஊர் ஊராகச் சுற்றினீர்கள்.

கறுப்புக்குதிரை: கேரம் திரியில் பாதியில் காணாமல் போனது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

தேவகி: இரண்டு பேரும் கேரம் சண்டையை அங்கேயே வைத்துக்கொள்ளுங்களேன்.

நெல்லைமணி: நான் தொடங்கவில்லை. பத்து வருடம், ஒரே வீடு. இன்னும் பதில் இல்லை.

கறுப்புக்குதிரை: பதில் மூன்று தடவை வந்தாயிற்று. ஒரே வீட்டில் பிறந்தால் பலகையில் காய் தானாக நகருமா? ஹைதராபாத் ஆட்டங்களை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.