9 ஜே வீலுக்காக மட்கார்டை அறுக்கலாமா? (1991 எம்எக்ஸ்-5)

சிவப்புவண்டி:
வணக்கம். இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறேன். 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 இன்ஜின். வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஒரிஜினல் வீல் 14 இன்ச், 5.5 ஜே (ரிம் அகலம் 5.5 இன்ச்), ஆஃப்செட் 45 (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் 45 மிமீ வெளிப்பக்கம்), டயர் 185/60. போன மாதம் ஒருவர் 15 இன்ச், 9 ஜே, ஆஃப்செட் 0 வீல் நாலும் மலிவாகக் கொடுத்தார். போல்ட் துளை 4×100, சரியாக இருக்கிறதே என்று வேறு எதையும் பார்க்காமல் வாங்கிவிட்டேன். பின்பக்கம் வெறும் ரிம்மை மாட்டிப் பார்த்தால், மட்கார்டுக்கு வெளியே மூன்று விரல் அகலம் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

ஃபைபர் ஃபிளேர் (மட்கார்டுக்கு மேல் ஒட்டி அகலமாக்கும் வளைவு) வாங்கி ரிவெட் அடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். கிரைண்டர் இருக்கிறது, வெல்டிங் தெரியாது. வீட்டு வாசலிலேயே இதைச் செய்து முடிக்க முடியுமா? என்னிடம் இருக்கும் 205/50 டயரையே போடலாமா?

மழைக்காலடிரைவர்:
டயர் கேள்விக்கு மட்டும் பதில்: வேண்டாம். 205/50-15க்கு டயர் கம்பெனிகள் சொல்லும் ரிம் 5.5 முதல் 7.5 ஜே வரைதான். 9 ஜேயில் ஏற்றினால் பக்கச்சுவர் சாய்ந்து இழுபட்டு நிற்கும். படம் எடுக்க அழகாக இருக்கும், காற்று குறைந்த நாளில் ஒரு வளைவில் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

பழையகராஜ்:
தம்பி, கிரைண்டரை எடுக்கும் முன் ஒரு பேப்பரை எடுங்கள்.

5.5 இன்ச்சில் பாதி 70 மிமீ. அதில் ஆஃப்செட் 45ஐக் கழித்தால், ஹப்பில் வீல் உட்காரும் இடத்திலிருந்து வெளியே 25 மிமீதான். உங்கள் புது வீலில் பாதி 114 மிமீ, கழிக்க ஒன்றும் இல்லை. ஆக, ரிம் 89 மிமீ கூடுதலாக வெளியே வந்திருக்கிறது. உள்பக்கம் பழைய வீல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஏறிய அகலம் முழுவதும் ரோட்டுப் பக்கம்! அதே 9 ஜே, ஆஃப்செட் 36 என்றால் வெளியே 53, உள்ளே 36 என்று பிரிந்திருக்கும். மாடிஃபை செய்கிறவர்கள் அந்த அளவைத் தேடி அலைவது இதனால்தான்.

சரி, ஃபிளேர் வைத்து மூடிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். முன் டயர் ஸ்டியரிங் திரும்பும் அச்சிலிருந்து அவ்வளவு தூரம் விலகிப் போனால், லாரி தடம் பதிந்த ரோட்டில் வண்டி தன் இஷ்டத்துக்கு இழுக்கும். பிரேக் போடும்போதும் கையில் தெரியும். வீல் பேரிங் சீக்கிரம் ஊளையிட ஆரம்பிக்கும். ஆயிரம் கிலோ கூட இல்லாத வண்டி இது. அதன் சுகமே லேசான ஸ்டியரிங்தான்.

இப்போது அறுக்கும் விஷயம். முன் மட்கார்டு ஒற்றைத் தகடு, போல்ட் போட்டது. கெடுத்தால் கழற்றிப் போட்டு வேறு மாட்டலாம். பின்னால் அப்படி இல்லை. வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று, இரண்டும் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) விளிம்பில்தான் ஸ்பாட் வெல்டிங்கில் சேர்கின்றன. நீங்கள் அறுக்கப்போவது சரியாக அந்தச் சேர்க்கையை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அறுத்தேன். இதே வண்டி, பச்சை நிறம். மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சிலில் கோடு போட்டு, நிதானமாகத்தான் வெட்டினேன். தகடு கீழே விழுந்ததும் பார்த்தால், இரண்டு தகட்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. உள்ளே இருட்டு, பழைய மண் வாசனை. எனக்கும் அப்போது வெல்டிங் தெரியாது. சீலண்ட் இரண்டு டியூப் பிழிந்து அடைத்து, மேலே ஃபிளேரை ரிவெட் அடித்து முடித்தேன். வெளியே பார்க்க ரேஸ் வண்டி மாதிரி இருந்தது. இரண்டு குளிர்காலம், ரோட்டில் போடும் உப்பு. மூன்றாவது வருடம் எம்ஓடி பரிசோதனையில் (வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனை) அந்த மனிதர் உள்ளே லைட் அடித்துக் கருவியால் தட்டினார், தொப்பென்று உள்ளே போனது. சீட் பெல்ட், சஸ்பென்ஷன் பிடிமானங்களிலிருந்து 30 செ.மீ.க்குள் தகடு பலமிழந்திருந்தால் ஃபெயில். என் வண்டியில் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி வரை இறங்கியிருந்தது. ஃபிளேர் மூடியிருந்ததால் எனக்குத் தெரியவே இல்லை.

முறையாகச் செய்வது இப்படி: வெளித்தகட்டை மட்டும் வெட்ட வேண்டும். உள்தகட்டில் இரண்டு விரலுக்கு ஒரு வெட்டு விட்டு, பட்டை பட்டையாக மேலே மடக்கி வெளித்தகட்டோடு வெல்டிங். பிறகு பிரைமர், சீம் சீலர், உள்ளே மெழுகு. ஃபிளேரை ரிவெட் அடிக்காமல் சின்ன போல்ட்டில் மாட்டினால், வருடத்துக்கு ஒரு முறை கழற்றி உள்ளே பார்க்கலாம்.

எவ்வளவு வெட்டுவது என்பதும் கண்ணளவில் சொல்லக்கூடியது இல்லை. ஸ்பிரிங்கைக் கழற்றி, வீலை மாட்டி, கீழேயிருந்து ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் மேலே முட்டி நிற்கும் ரப்பர்) அமுங்கும் வரை தூக்க வேண்டும். முன்பக்கம் என்றால் அந்த நிலையில் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள். இடிக்கும் இடம் தானே தெரியும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வீலை விற்றுவிட்டு 7 ஜே, ஆஃப்செட் 35 வாங்குவேன். வெளியே 29 மிமீதான் கூடும், உங்கள் 205 டயரும் அதற்கு ஏற்றது. மிஞ்சிப்போனால் மட்கார்டின் உள்விளிம்பை மடக்க வேண்டியிருக்கும். ஃபிளேர்தான் ஆசை என்றால் உங்கள் விருப்பம், ஆனால் முதலில் மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைப் பின் ஆர்ச்சில் வைத்து ஒரு சுற்று வாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான்.

நோட்டுபென்சில்:
இன்ஷூரன்ஸை யாரும் சொல்லவில்லையே! வீல், ஃபிளேர் இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் ஃபோன் செய்து கேட்டேன், பிரீமியம் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். சொல்லாமல் விட்டு விபத்து நடந்தால், மாடிஃபை செய்த வண்டி என்று பணம் தர மறுக்க இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சிவப்புவண்டி:
பழையகராஜ் அண்ணா, காந்தம் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் முழுக்க ஒட்டுகிறது. வலது பக்கம் பின் ஆர்ச்சின் கீழ்ப்பாதியில் வைத்ததும் கீழே விழுந்துவிட்டது. நகத்தால் சுரண்டினால் வெள்ளையாகப் பட்டி வருகிறது. ஒரு சாண் நீளம் இருக்கும். வண்டியை விற்றவர் ‘துருவே இல்லை’ என்று சத்தியம் செய்தார். இதையெல்லாம் மூடி ஃபிளேர் வைத்திருந்தால் எனக்கும் உங்கள் கதைதான்.

வீலை விற்கப் போட்டுவிட்டேன். அந்தப் பட்டியை நானே பெயர்த்துப் பார்க்கட்டுமா, இல்லை டிங்கரிங் ஆளிடம் அப்படியே கொண்டு போகட்டுமா?

பழையகராஜ்:
பெயர்க்காதீர்கள். பெயர்த்தால் ஓட்டை வெளியே தெரியும், மழை உள்ளே போகும். அப்படியே கொண்டு போங்கள். போகும் முன் ஒரு வேலை: துணிக்கூரைக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் மழைநீர் இறங்கும் குழாய் இருக்கிறது, பின் சக்கரத்துக்கு முன்னால் சில்லுக்குக் கீழே வெளியே வரும். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வலது பக்கம் வரவில்லை என்றால், எங்கிருந்து துரு வந்தது என்று தெரிந்துவிடும்.

சிவப்புவண்டி:
ஊற்றினேன். இடது பக்கம் உடனே வந்தது. வலது பக்கம் இன்னும் வரவில்லை, கால் மணி நேரம் ஆகிறது.