கையேட்டுத் தமிழ் இடறுகிறது, எப்படித் திருத்துவது?

தஞ்சாவூர்க்காரன்:
டெல்டா விவசாயிகளுக்கான ஒரு கணக்கு மென்பொருளின் கையேட்டைத் திருத்துகிறேன். பக்கத்துக்குப் பக்கம் "கோப்பு பயனரால் சேமிக்கப்பட வேண்டும்" என்றே இருக்கிறது, குறுவைச் செலவைப் பதிய உட்காருகிறவர் யார் சேமிக்கணும் என்று கேட்கிறார். எல்லாவற்றையும் மாற்றலாமா?

மன்னார்குடி:
தாராளமாக. "கோப்பைச் சேமியுங்கள்" போதும். செய்தவர் யார் என்பது முக்கியமில்லாத இடத்தில் மட்டும் செயப்பாட்டுவினையை அப்படியே விட்டுவையுங்கள்.

திருவாரூர்:
அண்ணே, திரையில் வரும் செய்திகளையும் பாருங்கள், அதுதான் பெரிய தொல்லை. கோப்பின் பெயரை நிரல் தானாக நிரப்பும் இடத்தோடு "ஐ" ஒட்டினால் "நெல்ஐ" என்று வந்து நிற்கும். "நெல் என்ற கோப்பை" என்று எழுதினால் எந்தப் பெயர் வந்தாலும் உருபு சரியாக உட்காரும். அப்புறம் மென்பொருள் செய்திகளை மொழிபெயர்க்க உதவும் கெட்டெக்ஸ்ட் (gettext) கருவியில் தமிழுக்கு ஒருமை, பன்மை என 2 வடிவம் உண்டு. இரண்டையும் சரியாக எழுதாவிட்டால் "1 கோப்புகள்" என்று காட்டும்.

தஞ்சாவூர்க்காரன்:
சரி, செய்திகளிலிருந்தே தொடங்குகிறேன்.