முகவுரையை ஒப்பித்தால் போதுமா? பிள்ளைகளுக்கு அரசியலமைப்பை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வேளிமலை (தக்கலை):
நவம்பர் 26 அரசியலமைப்பு நாள். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு முகவுரையை ஒப்பிக்கும் வேலை. ஒரு சொல் பிசகவில்லை. "இறையாண்மைன்னா என்ன மக்களே?" என்று கேட்டேன். "தெரியாதுப்பா, நாளைக்கு சொன்னா போதும்" என்கிறாள். இதற்குச் சொல்லிக்கொடுக்காமலே இருக்கலாம்.

தோவாளைக்காரன்:
மனப்பாடத்தை அப்படித் தள்ளாதீர்கள். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவன் நான். ஐந்தாம் வகுப்பில் குறள் ஒப்பிக்கிற பிள்ளைக்குப் பொருள் முழுக்கவா தெரிகிறது? வளர்ந்தபிறகு ஒருநாள் அந்த வரி தானாக வந்து நிற்கும். முகவுரையும் காதில் ஏறட்டும், பொருள் பின்னால் வரும்.

குழித்துறை:
ஸார், எல்லாருக்கும் அப்படி வருவதில்லை. நானும் ஆசிரியைதான். நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அரசியலமைப்பைச் சொல்ல ஊர்க்கதையே போதும். தோள்சீலைப் போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1859இல் அப்போது நம் ஊரை ஆண்ட திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்தது. அதிலும் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது. 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம். அதுவும் ராஜா கொடுத்ததுதான். இரண்டுக்கும் பின்னால் மக்கள் பட்ட பாடு பெரிது, ஆனாலும் காகிதத்தில் அது சலுகை.

அப்புறம் 1950 ஜனவரி 26, அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள். அதன் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது, எந்த வடிவில் கடைப்பிடித்தாலும் குற்றம் என்றது. இது யாரும் மனமிரங்கித் தந்ததல்ல. இந்த மூன்று ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதினால், "நமக்கு நாமே" என்று முகவுரை சொல்வது எதை என்று பிள்ளைகளே கேட்பார்கள். நவம்பர் 1 ஏன் நமக்கு முக்கியம் என்று கேட்டால், 1956இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்ததைச் சொல்லி 3ஆம் பிரிவைத் திறக்கலாம். மாநில எல்லையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு அங்கேதான் இருக்கிறது.

தோவாளைக்காரன்:
டீச்சர், சொல்வது எளிது. ஒருமுறை இந்தக் கதையை வகுப்பில் சொன்னேன். மறுநாள் "நீ எந்த ஆளு?" என்று ஒரு பையன் இன்னொருவனிடம் சாதியைக் கேட்டான். சாயங்காலம் இரண்டு வீட்டுக்காரர்களும் வாசலில். 2019இல் மத்தியப் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி.யே ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து இந்தத் தோள்சீலைப் பகுதியை எடுத்துவிட்டது. ஆறின புண்ணை நாம் ஏன் கீற வேண்டும்?

குழித்துறை:
ஆறியிருந்தால் அந்தப் பையனுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது ஸார்? நம் பாடநூலில் "தீண்டாமை ஒரு பாவச்செயல்" என்று தினமும் பார்க்கிறார்கள். யாருக்கு யார் செய்தது என்று சொல்லாமல் அந்த வரி மட்டும் எப்படிப் புரியும்? வீட்டில் கோபத்தோடு கேட்பதை, கையில் 17ஆம் பிரிவோடு வகுப்பில் கேட்கட்டும்.

வேளிமலை:
ராத்திரி மகளிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "துணி போட ராஜா எதுக்குப்பா அனுமதி கொடுக்கணும்?" எனக்கு வாயடைத்துவிட்டது. இறையாண்மையை, அதாவது ஆளும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை, அங்கிருந்துதான் பேச ஆரம்பித்தோம்.

தோவாளைக்காரன்:
நல்ல கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சொல்வது வேறு, நாற்பது பேர் முன்னால் சொல்வது வேறு. இதைப் பேச ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுக்கட்டும். அதுவரை என் பிள்ளைகள் முகவுரையை ஒப்பிக்கட்டும்.