மறு: ஆர்னிஸ் கலைச்சொற்கள் – ‘ஸ்பாரிங்’குக்கு என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டதால் எல்லாவற்றுக்கும் ஒரே மடலில் பதில் எழுதுகிறேன். ஆர்னிஸ் பிலிப்பைன்ஸின் தடிக் கலை; காலி, எஸ்கிரிமா என்பனவும் அதன் பெயர்களே. திருகோணமலையில் தொடங்கப்போகும் ஆர்னிஸ் வகுப்பின் நோட்டீஸுக்கும் பிள்ளைகளுக்கான கையேட்டுக்கும்தான் இந்தச் சொற்கள் வேண்டும். ஆகவே அகராதியில் அழகாக நிற்குமா என்பதைவிட, உப்புவெளியிலோ மூதூரிலோ நோட்டீஸை வாசிக்கும் ஒரு தாய்க்கு என்ன விளங்கும் என்பதே எனக்கு முக்கியம்.

> கலையின் பெயரைக் ‘காலி’ என்றே வைக்கலாம். சின்னச் சொல், வாயில் நிற்கும்.

இலங்கையில் முடியாது அண்ணை. ‘சனிக்கிழமைகளில் காலி பயிற்சி’ என்று போட்டால் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். தமிழ்நாட்டு நண்பர்களுக்காகச் சொல்கிறேன், காலி எங்களுக்குத் தெற்கில் உள்ள பட்டணம். உங்கள் பக்கத்திலும் அது வெறுமை, இல்லாவிட்டால் தெருவில் வம்புக்கு நிற்கும் பேர்வழி. எஸ்கிரிமா, வாள்வீச்சைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லின் வழி வந்தது. பிழையில்லை, ஆனால் பிள்ளைகளின் நாக்கில் உருளாது. மிச்சம் ஆர்னிஸ். 2009 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் இதைத் தன் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தபோது, அந்த 9850ஆம் இலக்கச் சட்டம் எடுத்துக்கொண்ட பெயரும் இதுதான். கராத்தேயை நாம் ‘வெறுங்கை’ என்று மாற்றவில்லையே. பெயரை அப்படியே விட்டுவிட்டு, வகுப்புக்குள் நடப்பதற்குத் தமிழ் தேடுவோம்.

> சிலம்படி, சீனடி, பொல்லடி என்று நம் கிழக்கில் தற்காப்புக் கலைகள் இருக்கின்றனவே. அந்த வரிசையில் ‘முச்சாணடி’ என்றால் என்ன?

மூதூர் அண்ணை, இந்தக் குழுமத்தில் அண்மையில் வந்த நல்ல சொல் இதுதான். கலைக்கு இட மாட்டேன், தடிக்கு எடுத்துக்கொள்கிறேன். கேரளத்துக் களரிப்பயிற்றில் மூன்று சாண் நீளக் கோலுக்கு முச்சாண் என்றே பெயர். சாண் 9 அங்குலம் என்றால் 27 அங்குலம். ஆர்னிஸ் தடி வழக்கமாக 28 அங்குலம். இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. பொருள் பிரம்பு என்பதையும் கையேட்டில் எழுத வேண்டும். பிரம்பு அடிபட அடிபட நார்நாராகப் பிரியும், அந்த இடத்தில் டேப் சுற்றிக்கொண்டு தொடரலாம். மூங்கில் பிளந்து சிராய் தெறிக்கும். கண்டி வீதியில் வேவல்தெனியவில் பிரம்புக்காரர்கள் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் போகிறவர்கள் வாங்கி வரலாம். ‘பிரம்படி’ என்ற முன்மொழிவை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதை நாங்கள் எல்லோரும் பாடசாலையிலேயே கற்று முடித்துவிட்டோம்.

> ஆயுதத்தை முதலில் கற்பிக்கும் கலை என்பதால் ‘ஆயுதப் பயிற்சி’ சரிதானே?

தம்பி, சொல் சரி. திருகோணமலைச் சுவரில் ஒட்ட முடியாது. ‘இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சி’ என்ற வரியை இந்த ஊரில் வாசிக்கும் எவருக்கும் பிரம்பு நினைவுக்கு வராது. பெற்றோர் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள், விசாரிக்க வருகிறவர்கள் மட்டும் தவறாமல் வருவார்கள். எதிராளியின் தடியைப் பிடுங்குவதற்கு ‘ஆயுதக்களைவு’ என்றதும் அதே கதைதான்; அது பேச்சுவார்த்தை மேசைக்குப் போய்விட்ட சொல். ‘தடிப் பயிற்சி’, ‘பறிப்பு’ போதும். கட்டைவிரல் பக்கமாகத் தடியைத் திருகினால் பிடி தளரும். அந்த நொடியில் ‘பறி’ என்றால் பிள்ளை பறிக்கும். ‘களை’ என்றால் புல்லுப் பிடுங்கப் போகும்.

> ஸ்பாரிங் = மாதிரிச் சண்டை. இதில் என்ன சிக்கல்?

எல்லாச் சிக்கலும் இதில்தான். ஸ்பாரிங் என்றால், என்ன அடி வரும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ளாமல் இருவர் மோதிப் பழகுவது.

ஆனால் முதல் தடவை ஆர்னிஸ் பார்க்கிற எவரையும் மயக்குவது சினவாலி. இருவர் எதிரெதிரே, ஆளுக்கு இரண்டு தடி. மேல், கீழ், மேல் என்று மாறிமாறி நடுவில் தடிகள் சந்திக்கும். பாயாகப் பின்னிய சுவர்த் தட்டிக்குப் பிலிப்பைன்ஸில் சவாலி என்று பெயர். அதிலிருந்து வந்த சொல். நமக்குப் ‘பின்னல்’ நன்றாகப் பொருந்தும். டச்சு விரிகுடாக் கரையில் பின்னேரத்தில் இரண்டு பெடியங்கள் இதைச் செய்யத் தொடங்கினால் கடலை வாங்க வந்தவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவனிடம், இடையில் ஓர் அடியைத் தாளம் தப்பிப் போடச் சொன்னேன். மெதுவாகத்தான் போட்டான். மற்றவனின் தடி பழகிய இடத்துக்கே போயிற்று, அடி அவன் விரல் மொழியில் விழுந்தது. அவ்வளவு வேகமாகப் பின்னிய கைக்கு வருகிற தடியைப் பார்க்கும் பழக்கம் இல்லை. இருவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட அடியை மட்டும் வீசினால் அது கோலாட்டம்தான், பாட்டு மட்டும்தான் இல்லை.

சினவாலியில் குறை இல்லை. இரண்டு கையும் பழகும், தூரம் பழகும். குறை, அதோடு நிறுத்திக்கொள்ளும் மாஸ்டர்களில். வார இறுதிப் பட்டறை ஒன்றில் சான்றிதழ் வாங்கி மறுவாரமே வகுப்புத் தொடங்கிய ஒருவரிடம் நானும் சில காலம் போனேன். யார் என்பது வேண்டாம். பின்னல் அழகு, விசிறி வீச்சு அழகு. மண்டபத்தில் ஒரு தலைக்கவசம் கிடையாது, பஞ்சு சுற்றிய தடி கிடையாது. ‘பயிற்சி எப்போது, மாஸ்டர்?’ என்று ஒரு மாணவன் கேட்டான். ‘இதுதானே தம்பி பயிற்சி’ என்றார். அவன் கேட்டது ஸ்பாரிங்கை. கேட்க அவனிடம் வேறு சொல் இல்லை.

ஆர்னிஸ் பிறந்த நாட்டில் விளையாட்டுப் போட்டியிலேயே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். தனியே ஆடிக்காட்டுவது அன்யோ, எதிராளியோடு மோதுவது லபான். நம் சிலம்பத்திலும் அலங்காரம் வேறு, போர் வேறு. அதனால் என் முன்மொழிவு இது: நம் வெறுங்கைக் கலைக்குக் குத்துவரிசை என்ற பெயர் ஏற்கெனவே இருப்பதால் தனியே செய்வது ‘வரிசை’, ஒத்துக்கொண்டு இருவர் செய்வது ‘இணைவரிசை’, ஒத்துக்கொள்ளாமல் செய்வது ‘பொருதல்’. ‘மாதிரிச் சண்டை’ என்றால் மேடையில் நடிப்பது போலாகிவிடும். ‘சண்டைப் பயிற்சி’ சினிமாவின் சொத்து. ‘மோதல்’ வேண்டாம், ‘மோதலில் இருவர் காயம்’ என்று பத்திரிகையில் வாசித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். பொருதல் பழைய சொல் என்று சென்னை நண்பர் சொல்கிறார். கூத்துப் பார்த்து வளர்ந்த காதுக்கு அது பழையதாகப் படாது. நோட்டீஸில் இந்த மூன்று சொல்லும் இருந்தால், ‘எத்தனையாவது மாதத்தில் பொருதல் தொடங்கும், என்ன கவசம் போடுவீர்கள்?’ என்று ஒரு தாய் எங்களிடமே கேட்கலாம். கேட்கட்டும்.

> ஆசிரியருக்கு?

பிலிப்பைன்ஸ்காரர்களின் மொழியில் சாதாரண ஆசிரியருக்கே ‘குரோ’ என்றுதான் பெயர், நம் குருவின் உறவு. குரு என்றே விடலாம். பட்டம் எதுவானாலும் ‘யாரிடம் கற்றீர்கள், அவர் யாரிடம்?’ என்று கேட்க வேண்டும். 1932இல் பிலிப்பைன்ஸின் செபுவில் தொடங்கிய தோசே பாரேஸ் சங்கம், அதிலிருந்து பிரிந்து வெனான்சியோ பாகோன் தொடங்கிய பாலிந்தாவாக், அங்கே கற்ற ரெமி பிரேசாஸ் உருவாக்கிய மொடர்ன் ஆர்னிஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு. உண்மையாகக் கற்றவர் தயங்காமல் சொல்வார். ஒரே ஒரு முறைதான் அசல் என்று அடித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் கவனம். அடி வரும் கோணங்களுக்கு இலக்கம் போடுவதிலேயே முறைக்கு முறை வேறுபாடு உண்டு, 12 பரவலான கணக்கு. அவற்றுக்கு ‘அடிக்கோணம்’ ஏகமனதாக முடிந்துவிட்டது. கோணமலைக்காரர்கள் கோணத்தை விட்டுக்கொடுப்போமா?

தடி பிடிக்காத கைக்கு ‘உயிர்க்கை’ என்று ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியிருந்தீர்கள். பிலிப்பைன்ஸ்காரர்களே பந்தாய் கமாய் என்கிறார்கள், அதாவது காவல் கை. ‘காவற்கை’ போதும். ஒரு மாஸ்டரைப் பார்க்கப் போனால் அவர் தடியைப் பார்க்காமல் இந்தக் கையைப் பாருங்கள். பொருதிப் பழகியவரின் காவற்கை நெஞ்சருகே வேலைக்குத் தயாராக நிற்கும், மற்றவர்களுடையது இடுப்பில் தொங்கும்.

எதிராளியிடமிருந்து நிற்கும் தூரங்கள் மூன்றுக்கும் எட்டம், இடை, கிட்டம். ‘எட்ட நில், கிட்ட வா’ என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கவே தேவையில்லை.

ஒன்று மட்டும் முடியவில்லை. கிட்டத்தில் கையும் கையும் உரசிச் சுற்றிவரும் ஹுபுத் லுபுத். கட்டுவது, அவிழ்ப்பது என்று பொருள். ‘கட்டவிழ்ப்பு’ என்று வைத்தால் அதே பெயரில் கோட்பாடு சொன்ன பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதாவை இலக்கியக் குழுமத்திலிருந்து தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். மூதூர் அண்ணை, உங்கள் ஊரில் சிலம்படி பழக்கும் பெரியவரிடம் இரண்டு கையைச் சுற்றிக் காட்டி, இதற்கு அவர் என்ன சொல்வார் என்று கேட்டு எழுதுங்கள். நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன் வந்தால் நல்லது. கையேட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.