கடலில் ஏது தரை? ‘டிட்சிங்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும்

தங்கச்சிமடத்திலிருந்து, செவ்வாய் இரவு

குழுவினர்க்கு வணக்கம்.

எண்ணெய்க் கிணற்று மேடைகளில் ரிக்கர் (பளுவைக் கட்டித் தூக்குபவர்), சாரம் கட்டுபவர், சமையலாள் என்று வேலைக்குப் போகும் நம் கரைப் பிள்ளைகளுக்கு ஹெலிகாப்டர் பயணப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்: டிட்சிங். இயந்திரக் கோளாறு போன்ற நெருக்கடியில், விமானி கட்டுப்பாட்டை விடாமல் வேண்டுமென்றே ஹெலிகாப்டரைக் கடல்மேல் இறக்குவது. விழுந்து நொறுங்குவது இதில் சேராது.

பழைய மொழிபெயர்ப்பில் ‘நீரில் அவசரத் தரையிறக்கம்’ என்று இருக்கிறது. வகுப்பில் அதை வாசித்ததும் ஒரு பையன் எழுந்து, “கடல்ல ஏது சார் தரை? தரை தட்டிருமா?” என்றான். சரியான கேள்வி. படகு மணல்திட்டில் ஏறினால் தரைதட்டியது என்றுதானே சொல்கிறோம். அடித்தரைக்குப் போய்விடும் என்றே பாதிப் பேர் நினைத்துவிட்டார்கள். உதவுங்கள்.

பரமக்குடியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, ‘நீரமர்வு’ என்று வையுங்கள். சித்திரங்குடி கண்மாயில் கூழைக்கடா வந்து இறங்குவதைப் பாருங்கள். காலை முன்னே நீட்டித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து அமர்கிறது. அதைவிடப் பொருத்தமான படம் இல்லை. ‘தரை’ வடசொல் ‘தரா’விலிருந்து வந்தது என்பதால் அதை விடுவதில் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

மதுரையிலிருந்து

ஐயா, ‘அமர்’ என்றால் போர் என்றும் பொருள் உண்டே? ‘நீரமர்’ என்று பிரித்தால் கடற்போர் ஆகிவிடாதா? தரை வடசொல்தான் என்பதையும் நான் ஒப்பவில்லை. தனி இழையில் எழுதுகிறேன்.

அதற்கு முன் ‘ஹெலிகாப்டர்’ என்பதையே தமிழில் சொல்லிவிடலாமே. இலங்கைத் தமிழர் ‘உலங்கு வானூர்தி’ என்கிறார்கள். உலங்கு என்பது ஒருவகைக் கொசு என்று அகராதி சொல்கிறது. எனக்கோ ‘உலவு, உலா’ என்ற வேரிலிருந்து, சுற்றிவருவது என்ற கருத்தில் பிறந்ததாகவே படுகிறது. கொசுவும் சுற்றித்தானே வருகிறது?

மண்டபத்திலிருந்து

இங்கே எங்கள் வீட்டு வானொலியில் இலங்கை அலைவரிசைதான் தெளிவாக எடுக்கும். உலங்கு வானூர்தி என்பது எங்களுக்குச் சிறு வயதிலிருந்தே பழகிய சொல். ஆனால் அதைப் போர்ச் செய்தியில்தான் கேட்டிருக்கிறோம். வேலைக்குப் போகிற பிள்ளையின் கையேட்டில் அது வேண்டாம்.

‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்ற புறநானூற்று அடியை (27ஆம் பாட்டு) யாராவது கொண்டுவருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அது ஓட்டுநர் இல்லாத ஊர்தி. இங்கே பக்கத்தில் உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்து தளத்தில் கடற்படை பறக்கவிடும் ஆளில்லா விமானத்துக்கு அது பொருந்தும். ஹெலிகாப்டரில் ஓட்டுநர் இருக்கிறார். அவர் நிதானமாகச் செய்கிற ஒரு காரியத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

கீழக்கரையிலிருந்து, பாரசீக வளைகுடா மேடைகளில் வேலை பார்த்தவர்

அஸ்ஸலாமு அலைக்கும். பெரியவர்கள் பொறுக்கவேண்டும். வேரைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

பயிற்சியில் ஹெலிகாப்டர் போன்ற ஒரு கூட்டில் நம்மைக் கட்டி, குளத்துக்குள் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். நிஜத்திலும் அப்படித்தான் நடக்கும். இயந்திரமும் பல்சக்கரப் பெட்டியும் கூரைமேல் இருப்பதால் ஹெலிகாப்டர் தலைக்கனம் கொண்டது. மிதவைப் பைகள் விரிந்தாலும் அலை பெரிதாக இருந்தால் கவிழ்ந்துவிடும். ஆசிரியர் ஐயாவின் கூழைக்கடா கவிழாது. எனக்கு ‘அமர்வு’ பயமாக இருப்பது அதனால்தான். அமர்ந்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று ஆளைத் தளரவிட்டுவிடும்.

என் வாப்பா சங்கு குளித்தவர். மூச்சடக்குவதும் முக்குளிப்பதும் எனக்குப் பழக்கம். ஆனாலும் முதல் புரட்டலில் தோற்றேன். தண்ணீர் மூக்கில் ஏறியதும் கை தானாக பெல்ட்டைக் கழற்றிவிட்டது. உடம்பு மிதந்து, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போயிற்று. சன்னல் எந்தப் பக்கம் என்பதும் மறந்தது. ஒரு கையால் சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் நிற்கும்வரை பொறுத்து, சன்னலைத் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகே பெல்ட்டைக் கழற்றவேண்டும். பெல்ட்தான் நம்மை ஓரிடத்தில் நிறுத்தித் திசை காட்டுகிறது. லைஃப் ஜாக்கெட்டை உள்ளேயே ஊதவைத்தால் அது நம்மை மேலே தூக்கி அழுத்திக்கொள்ளும், சன்னலுக்குக் குனிய முடியாது. வெளியே வந்த பிறகே கயிற்றை இழுக்கவேண்டும்.

2022 ஜூன் 28 அன்று மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கிற மும்பை ஹை எண்ணெய் வயலில், சாகர் கிரண் மேடைக்குப் பக்கத்தில் ஹெலிகாப்டர் கடலில் இறங்கியது. 9 பேரில் 4 பேர் போய்விட்டார்கள். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சொல் எதுவானாலும், அதைக் கேட்டவுடன் ‘அடுத்து கவிழும்’ என்று மனசு தயாராகவேண்டும்.

பாம்பனிலிருந்து

அண்ணன் எழுதியதைப் படித்துக் கை நடுங்கியது. என் தம்பியும் அந்த வேலைக்குத்தான் போகிறான்.

‘கடலிறக்கம்’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். எங்கள் ஊரில் புது வல்லம் கட்டினால் நல்ல நாள் பார்த்து, சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தபின் கடலில் இறக்குவோம். இறக்குதல் எங்களுக்குச் சந்தோஷமான சொல். அதைப் போய் ஆபத்துக்கு வைப்பதா என்று முதலில் நெருடியது. அப்புறம் யோசித்தால், இரண்டிலும் ஒரு ஆள் பார்த்துப் பார்த்து இறக்குகிறார். விழுவது வேறு, இறக்குவது வேறு என்பது எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே விளங்கும்.

பரமக்குடியிலிருந்து

மகளே, நீ சொன்ன வல்லத்துக்காக ‘அமர்வை’ விட்டுக்கொடுக்கிறேன். கீழக்கரைத் தம்பி சொன்ன பயமும் நியாயமானதே. ஆனால் ‘நீருக்கடியில் தப்பித்தல்’ என்று கையேட்டில் இருப்பதை மாற்றுங்கள். தப்பு என்றால் பிழை. ‘உய்தல்’ என்றே வையுங்கள். உயிர் என்ற சொல்லே உய்தலிலிருந்து பிறந்தது என்பது என் துணிபு.

கீழக்கரையிலிருந்து

ஐயா, உய்தல் அழகான சொல்தான். ஆனால் “உய்” என்று கத்தினால் எங்கள் பையன் திரும்பிப் பார்ப்பான், சன்னலைத் தள்ளமாட்டான். “தப்பிச்சிரு” என்றால் தள்ளுவான்.

தங்கச்சிமடத்திலிருந்து, வியாழன் இரவு

அனைவர்க்கும் நன்றி. ‘கடலிறக்கம்’ என்றே போடுகிறேன். பலரும் இதற்குத்தான் இசைந்தார்கள், எனக்கும் நேரமில்லை. ஒன்று மட்டும் சேர்த்திருக்கிறேன். அந்தச் சொல் வருமிடமெல்லாம் அடுத்த வரியிலேயே ‘கவிழ்தல்’ வரும். கடலிறக்கம் விமானியின் வேலை, கவிழ்ந்தபின் நடப்பது பயணியின் வேலை என்று இரண்டாகப் பிரித்து எழுதியாயிற்று. கவிழ்தலுக்குப் புதுச்சொல் தேவைப்படவில்லை. ஹெலிகாப்டர் ஹெலிகாப்டராகவே இருக்கிறது. தப்பித்தலும் அப்படியே.

நாலு முனையில் கட்டும் பட்டைக்குப் பழைய பிரதியில் ‘சேணம்’ என்று இருக்கிறது. அது குதிரைக்குப் போடுவது. ‘வார்’ என்பதா, ‘பெல்ட்’ என்பதா? காலை பத்து மணிக்குள் சொல்லுங்கள்.

பாம்பனிலிருந்து

பெல்ட்.

பரமக்குடியிலிருந்து

வார். இடைவார், செருப்பு வார் எல்லாம் இன்றும் புழங்குகிற சொற்களே. பெல்ட் என்றே அச்சிடுவீர்கள் என்று தெரியும். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘உய்தல்’ பற்றி எழுதியதையும் நான் திரும்பப் பெறவில்லை.